பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரு முனைகள்

2025 டிசம்பர் 14 அன்று, சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகத்தில் நிறுவப்பட்ட கண்ணாடிக் கோர்ட்டில், ஹாங்காங்கை 3-0 என வென்று இந்தியா ஸ்குவாஷ் உலகக் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. ஆசிய நாடு எதுவும் அதற்கு முன் அந்தக் கோப்பையை வென்றதில்லை. அணியின் நால்வரில் ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார் மூவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்; அனாஹத் சிங் டெல்லிக்காரர். பெருமைப்பட வேண்டிய கணக்கு இது. ஆனால் அந்த அணியின் பெண்கள் இருவரை மட்டும் பிரித்துப் பார்த்தால் கவலையும் சேர்ந்தே வருகிறது. ஜோஷ்னாவுக்கு அன்று வயது 39, அனாஹத்துக்கு 17. ஜோஷ்னா பிறந்தது 1986இல், அவரது இரட்டையர் இணையான தீபிகா பள்ளிக்கல் பிறந்தது 1991இல். இந்த இரண்டு சென்னைப் பெண்களும் உலகத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பெண் யாரும் அந்த எல்லையைத் தொடவில்லை. நாட்டின் ஸ்குவாஷ் தலைநகர் என்று பெயர் பெற்ற நகரத்தில், ஒரு பெண் இந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழும் வாய்ப்பு ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? திறமை, பணம், பெற்றோரின் மனநிலை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது: பத்து வயதுக்குள் ஒரு சிறுமி தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கோர்ட் இருக்கிறதா என்பது. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

முதலில் ஜோஷ்னாவின் ஆட்ட வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். இந்தத் தொழில் எத்தனை நீளமானது, எத்தனை மெதுவாகப் பலன் தருவது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. 14 வயதில் தேசியப் பட்டம் வென்றார். 2005இல் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பன் 19 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு உலக ஜூனியர் இறுதியில், பிற்காலத்தில் உலகின் முதலிடத்தைப் பிடித்த எகிப்தின் ரனீம் எல் வெலிலியிடம் தோற்றார். இத்தனை பிரகாசமான தொடக்கத்துக்குப் பிறகும், உலகத் தரவரிசையில் பத்தாம் இடத்தை எட்ட 2016 வரை ஆனது. 2017இல் சென்னையிலேயே ஆசியத் தனிநபர் பட்டம், 2018இல் எகிப்தின் எல் கூனா போட்டியில் எட்டு முறை உலகச் சாம்பியனான நிக்கோல் டேவிட்டுக்கு எதிரான வெற்றி, 2019இல் மீண்டும் ஆசியப் பட்டம். அதே 2019இல் தன் 17ஆவது தேசியப் பட்டத்தை வென்று, புவனேஸ்வரி குமாரி 1977 முதல் 1992 வரை தொடர்ந்து வென்றிருந்த 16 பட்டங்களின் சாதனையைக் கடந்தார். 2025 அக்டோபரில், 39 வயதில், ஜப்பான் ஓப்பனை வென்றார். முழங்கால்களைத் தேய்க்கும் ஓர் ஆட்டத்தில் கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்த இந்த உடலையும் மனத்தையும் எவ்வளவு போற்றினாலும் தகும். இருந்தாலும், 2000இல் தேசியச் சாம்பியனான ஒருவர் 2025இலும் இந்திய அணிக்குத் தவிர்க்க முடியாதவராக இருக்கிறார் என்றால், அந்த 25 ஆண்டுகளில் அவர் இடத்துக்கு வந்து நின்றிருக்க வேண்டியவர்கள் எங்கே என்ற கேள்வியும் எழத்தான் செய்யும்.

தீபிகாவின் பாதை இதே தொழிலின் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. 2012இல் உலகின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண் அவர். அந்த உயரத்தில் இருந்தபோதுதான், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத்தொகை தராத தேசியப் போட்டியில் ஆடுவதில்லை என்று 2012 முதல் 2015 வரை தொடர்ந்து விலகி நின்றார். 2015இல் ஆண் சாம்பியனுக்கு 1,20,000 ரூபாய், பெண் சாம்பியனுக்கு 50,000 ரூபாய் என்பதே நிலைமை. 2016இல் தொகை சமமாக்கப்பட்டதும் திரும்பி வந்தார், இறுதியில் ஜோஷ்னாவை வென்று பட்டத்தையும் எடுத்தார். உலக அளவிலும் இந்தச் சமநிலை மிக அண்மையில் வந்ததுதான். அமெரிக்க ஓப்பன் 2013இலும், ஆட்டத்தின் மிகப் பழைய பெருமை கொண்ட பிரிட்டிஷ் ஓப்பன் 2017இலும்தான் சமத் தொகைக்கு மாறின. ஆகவே தீபிகாவின் விலகலை ஒரு நட்சத்திரத்தின் பிடிவாதம் என்று அன்று சிலர் குறைத்துப் பேசியது தவறு. உலகம் போய்க்கொண்டிருந்த திசையை இந்தியாவுக்குள் கொண்டுவந்த ஒரு தனிப்பெண்ணின் போராட்டம் அது. 2021இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான அவர், ஆறு மாதத்தில், 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவுடன் ஒரு தங்கம், சௌரவ் கோஷலுடன் ஒரு தங்கம் என இரண்டை வென்றார். அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஹரிந்தர் பால் சிங் சந்துவுடன் கலப்பு இரட்டையர் தங்கமும் அவருடையது. பிரசவம் ஒரு வீராங்கனையின் ஆட்ட வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தத் தொழிலின் பொருளாதாரத்தைப் பேசாமல் மேலே போக முடியாது. தொழில்முறை ஸ்குவாஷில் மாதச் சம்பளம் கிடையாது. தொழில்முறை ஸ்குவாஷ் சங்கம் (பி.எஸ்.ஏ.) நடத்தும் சுற்றுப் போட்டிகளில் ஆடித் தரவரிசைப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். புள்ளிகள் இருந்தால்தான் பெரிய போட்டிகளில் நுழைய முடியும். பெரிய போட்டிகளில்தான் பேச்சுக்குரிய பரிசுப்பணம் இருக்கிறது. கீழ்மட்டப் போட்டிகளுக்காக எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா என்று அலையும் இளம் வீராங்கனைக்கு முதல் சுற்றில் தோற்றால் விமானக் கட்டணம்கூடத் தேறாது. பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், பிசியோ எல்லாம் சொந்தச் செலவு. ஜோஷ்னாவின் தொடக்கக் காலத்தில் மிட்டல் சாம்பியன்ஸ் டிரஸ்ட் தோள் கொடுத்தது. பின்னாளில் இந்திய ஸ்குவாஷ் சம்மேளனத்துடன் ஹெச்.சி.எல். நிறுவனம் சேர்ந்து உள்நாட்டிலேயே போட்டிகள் நடத்தத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் எலைட் போன்ற திட்டங்கள் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கு ஆண்டு உதவித்தொகை தருகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையும் உண்டு. இவை அனைத்தும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் எல்லாமே ஏற்கெனவே தன்னை நிரூபித்துவிட்டவருக்கு வந்து சேர்பவை. பதினாறு வயதில் உதவித்தொகைக்குத் தகுதி பெற ஒருத்தி எட்டு வயதில் மட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அந்த எட்டாண்டுகளுக்கு யார் பொறுப்பு என்பதை எந்தத் திட்டமும் கேட்பதில்லை.

ஜோஷ்னாவுக்கும் தீபிகாவுக்கும் அந்த எட்டாண்டுகளைக் கொடுத்தவை குடும்பமும் அமைப்பும். ஜோஷ்னாவின் வீட்டில் ஸ்குவாஷ் தலைமுறைகளாக இருந்தது. தந்தை அஞ்சன் சின்னப்பாவே அவரது முதல் பயிற்சியாளர். தீபிகாவின் தாய் சூசன் இட்டிச்சேரியா இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு ஆடியவர். இந்தியாவில் ஸ்குவாஷ் ராணுவ அதிகாரிகளின் மெஸ்களிலும் ஜிம்கானா போன்ற கிளப்புகளிலும் வேர்விட்ட ஆட்டம். உறுப்பினர் சந்தாவும் அறிமுகமும் இல்லாதவருக்கு அதன் கதவு திறந்ததில்லை. 2000களின் தொடக்கத்தில் சென்னையில் அமைந்த இந்திய ஸ்குவாஷ் அகாடமி இந்தக் கதவைக் கொஞ்சம் அகலப்படுத்தியது. மலேசியாவிலிருந்து வந்த மேஜர் எஸ்.மணியமும், அவருடன் சைரஸ் போஞ்சாவும் அங்கே ஒரு முறையான பயிற்சிப் பள்ளியை உருவாக்கினார்கள். கொல்கத்தாவின் சௌரவ் கோஷல்கூடச் சென்னைக்குக் குடிபெயர்ந்து அங்கேதான் வளர்ந்தார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னாவும் தீபிகாவும் இங்கிலாந்தின் ஜென்னி டன்கல்ஃப், லாரா மசாரோ இணையை வென்று இந்தியாவுக்கு ஸ்குவாஷில் முதல் காமன்வெல்த் பதக்கத்தை, அதுவும் தங்கமாக, கொண்டுவந்ததில் இந்தப் பள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே ஓர் அகாடமி ஒரு நாட்டின் ஆட்டத்தை மாற்றியது என்றால் மிகையாகாது. மாற்றிய அந்த ஒன்று, இன்னும் ஒன்றாகவே நிற்கிறது என்பதுதான் சிக்கல்.

அகாடமி இருக்கும் நேரு பார்க், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்குப் பகுதியில் உள்ளது. அதே சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் கோயம்பேடு, மதுரவாயல் தாண்டிப் பூந்தமல்லி வரும். வடக்கே சற்றுத் திரும்பினால் 1960களில் உருவான தொழிற்பேட்டையோடு அம்பத்தூர். அதற்கும் அப்பால் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையோடு ஆவடி. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. லட்சக்கணக்கான உழைக்கும் குடும்பங்களும் நடுத்தரக் குடும்பங்களும் வாழும் நிலப்பரப்பு இது. 2017 மே மாதம் திறக்கப்பட்ட சென்னையின் முதல் சுரங்க மெட்ரோ தடம் திருமங்கலத்துக்கும் நேரு பார்க்குக்கும் இடையே ஓடியது. ஆகவே அம்பத்தூர்ச் சிறுமி திருமங்கலம் வரை பஸ்ஸில் வந்து மெட்ரோ ஏறினால் அகாடமி வாசலில் இறங்கிவிடலாமே என்று ஒருவர் சொல்லலாம். வரைபடத்தில் இது சரி. பள்ளி நாலு மணிக்கு விடுகிறது; வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாடி மேம்பால நெரிசலைக் கடந்து போய், பயிற்சி முடித்துத் திரும்பும்போது இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஒன்பது வயதுக் குழந்தையுடன் பெரியவர் ஒருவர் வாரத்தில் ஐந்து நாள் போய்வர வேண்டும். தாயோ தந்தையோ வேலையை விடக்கூடிய நிலையில் உள்ள வீட்டுக்கே அது முடியும். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் இது இன்னும் கடினம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஆர்வமுள்ள பெற்றோர் எப்படியாவது வழி கண்டுபிடிப்பார்கள், மேற்குப் புறநகரில் அந்த ஆர்வம் இல்லாததே காரணம் என்பது அந்த மறுப்பு. சதுரங்கம் இதைப் பொய்யாக்குகிறது. பாடியில் வளர்ந்த வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் இன்று உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள். 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷ் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியின் மாணவர். ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போட்டிகளுக்கு அலைந்த பெற்றோர் இதே அம்பத்தூர் வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றே: சதுரங்கப் பலகை வீட்டு மேசையில் விரியும், பள்ளி வகுப்பறையிலும் விரியும். ஸ்குவாஷுக்கு நான்கு சுவர் வேண்டும். வைஷாலி போன்ற ஒரு பெண் கிராண்ட்மாஸ்டரை உருவாக்கிய மண்ணில் ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் பஞ்சம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இதையே இன்னும் உறுதியாகச் சொல்ல மலேசியாவைப் பார்க்க வேண்டும். கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணியைச் சேர்ந்த தமிழ்ப் பெண் சிவசங்கரி சுப்பிரமணியம், 1999இல் பிறந்தவர். கோலாலம்பூர்க்காரரும் அல்லர், பெரிய கிளப்பின் வாரிசும் அல்லர். 2022 ஜூனில் கார் விபத்தில் தலையிலும் கழுத்திலும் எலும்பு முறிந்து, பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியை இழந்தார். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம்; 2024இல் எகிப்தின் ஹனியா எல் ஹமாமியை இறுதியில் வென்று லண்டன் கிளாசிக் பட்டம்; பிறகு உலகின் முதல் பத்து வரிசையில் இடம். நடுவில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிப்பையும் முடித்தார். படிப்பா, ஆட்டமா என்று பன்னிரண்டாம் வகுப்பில் திணறும் நம் வீடுகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சேலத்தில் பிறந்த வேலவனும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். சிவசங்கரிக்கு முன்னால் பினாங்கின் நிக்கோல் டேவிட் 108 மாதங்கள் தொடர்ந்து உலகின் முதலிடத்தில் இருந்தார். மலேசியாவில் ஸ்குவாஷ் பொதுச் சொத்தாக வளர்ந்தது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில்தான் இந்த ஆட்டம் முதன்முதலில் சேர்க்கப்பட்டது. மாநிலங்களில் பொதுப் பயிற்சி மையங்கள் எழுந்தன. பினாங்கில் ஒரு மையம் இன்று நிக்கோலின் பெயரையே தாங்குகிறது. சுங்கை பட்டாணித் தமிழ்ப் பெண்ணுக்கும் ஆவடித் தமிழ்ப் பெண்ணுக்கும் உடல்வாகிலோ உழைப்பிலோ எந்த வித்தியாசமும் இல்லை. முன்னவரின் நாட்டில் கோர்ட் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது, பின்னவரின் ஊருக்கு இன்னும் வரவில்லை.

எகிப்தைக் காட்டி இதை மறுக்க முடியும், வலுவான மறுப்புதான். இன்றைய பெண்கள் ஸ்குவாஷை ஆள்வது எகிப்து. 2025இல் தன் எட்டாவது உலகப் பட்டத்தை வென்று நிக்கோலைச் சமன் செய்த நூர் எல் ஷெர்பினி முதல் ஹமாமி வரை எல்லோரும் தனியார் கிளப்புகளில் உருவானவர்கள். வசதியுள்ளவர்களின் கிளப்புகளே உலகச் சாம்பியன்களைத் தரும்போது பொதுப்பணம் எதற்கு? ஆனால் கெய்ரோ, அலெக்சாண்ட்ரியா கிளப்புகள் நம் கிளப்புகள் போலச் சில நூறு குடும்பங்களின் தனியிடங்கள் இல்லை. பெருந்தொகையான நடுத்தரக் குடும்பங்கள் உறுப்பினராக உள்ள, பல விளையாட்டுகளுக்கு இடமுள்ள பெரிய வளாகங்கள் அவை. ஒரே நகரத்துக்குள் ஏராளமான சிறுமிகள் ஒருவரோடொருவர் மோதி வளர்கிறார்கள். உலகச் சாம்பியன் பக்கத்துக் கோர்ட்டில் ஆடுவதைப் பார்க்கிறார்கள். எகிப்தின் ரகசியம் அந்த நெருக்கம்தான். மலேசியா அரசு வழியே அடைந்ததை எகிப்து கிளப் வழியே அடைந்தது. சென்னையின் மேற்கே இரண்டுமே இல்லை. பூந்தமல்லிப் பக்கம் எழும் அடுக்குமாடி வளாகங்களின் விளம்பரங்களில் நீச்சல் குளத்தோடு ஸ்குவாஷ் கோர்ட்டும் இடம்பெறுகிறது. பயிற்சியாளரும் போட்டியும் இல்லாமல், குடியிருப்போருக்கு மட்டுமே திறக்கும் அந்த ஒற்றைக் கோர்ட் ஓர் ஆட்டக்காரியை உருவாக்காது.

செலவைக் குறித்த மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆடும் இடத்துக்குச் செலவழிப்பதைவிட, நூறு பேர் ஓடும் மைதானத்துக்குச் செலவழிப்பது நியாயம் என்று தோன்றுவது இயல்பு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்குவாஷ் கோர்ட்டின் அளவு 9.75 மீட்டருக்கு 6.4 மீட்டர், அதாவது சுமார் 672 சதுர அடி. பாட்மின்டன் இரட்டையர் கோர்ட்டைவிடச் சிறியது, டென்னிஸ் கோர்ட்டில் கால் பங்குக்கும் குறைவு. சென்னையில் நிலத்தை அளக்கும் கணக்கில், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் மூன்று கோர்ட்டுகள் அடங்கும். தேவையான உயரம் ஆறு மீட்டருக்கும் குறைவு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பல கொட்டகைகள் இதைவிட உயரமானவை. சிறுவர் பயிற்சியில் ஒரு கோர்ட்டில் ஒரு மணி நேரத்துக்கு நான்கு குழந்தைகளை முறை வைத்துப் பயிற்றலாம். நான்கு கோர்ட், மாலை நான்கு மணி நேரம் என்றால் ஒரு மாலையில் 64 குழந்தைகள். மழைக்காலத்தில் மைதானங்கள் சேறாகும் நாட்களிலும் இது நிற்காது. வெளியே போகாமல், விளக்கு வெளிச்சத்தில், கூரைக்குக் கீழே ஆடக்கூடிய ஆட்டம் என்பதால், பெண் பிள்ளையை இருட்டிய பிறகு மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளும் இதற்குச் சம்மதிக்கும். மாநகராட்சிகள் ஷட்டில் அரங்குகளையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் கட்டி நடத்துகின்றன. அதே வரிசையில் ஸ்குவாஷைச் சேர்ப்பதில் புதிய பெருஞ்சுமை எதுவும் இல்லை. கோர்ட்டைவிடக் கடினமானது பயிற்சியாளரைத் தேடுவதுதான். அதற்கும் ஆட்கள் சென்னையிலேயே உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அகாடமியில் ஆடி, உலகத் தரவரிசையின் கீழ்ப்படிகளில் நின்றுவிட்ட ஆட்டக்காரர்கள் பலர். புறநகர் மையங்களில் அவர்களுக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தால், வீராங்கனைகளின் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வு என்ற இன்னொரு பெரிய கவலையும் பாதி தீரும்.

வேலவனைக் காட்டி, சேலத்துப் பையனே வந்து வென்றபோது ஆவடிப் பெண்ணுக்கு என்ன தடை என்று கேட்பவர்களும் உண்டு. ஒருவர் தாண்டிவிட்டார் என்பதால் சுவர் இல்லை என்றாகாது. பன்னிரண்டு வயதுப் பையனை வேறு ஊரில் விடுதியில் தங்கவைக்கத் துணியும் குடும்பங்கள் பெண்ணை அப்படி அனுப்புவது அரிது. அந்தத் தயக்கம் சரியா தவறா என்று விவாதிப்பதற்குள் அவள் வயது கடந்துவிடும். பெண்கள் விளையாட்டில் தூரம் என்பது கிலோமீட்டரோடு பாதுகாப்பும் நேரமும் சேர்ந்த அளவு. ஆகவே பையன்களைவிடப் பெண்களுக்கே பக்கத்துக் கோர்ட் அதிகம் தேவை.

காலமும் நெருக்குகிறது. ஸ்குவாஷ் 2028 லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முறையாக ஒலிம்பிக்குக்குள் வருகிறது. பெண்களில் 16 பேர், ஆண்களில் 16 பேர், தனிநபர் ஆட்டம் மட்டும். இந்தியப் பெண்களுக்குத் தங்கம் தந்த இரட்டையர் அங்கே இல்லை. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியிலிருந்து ஸ்குவாஷே நீக்கப்பட்டுவிட்டது. இனி பெரிய மேடை வேண்டுமென்றால் தனிநபர் தரவரிசையில் மேலே இருந்தாக வேண்டும். அதற்கு இணை சேர்ந்து ஆடும் அனுபவசாலிகள் இருவர் போதாது, அடியிலிருந்து எழும் கூட்டம் வேண்டும். 2025 உலக ஜூனியர் போட்டியில் அனாஹத் அரையிறுதிக்குப் போனபோது, 2010இல் தீபிகாவுக்குப் பிறகு அங்கே போன முதல் இந்தியப் பெண்ணாக இருந்தார். பதினைந்து ஆண்டு வெற்றிடத்தை டெல்லி நிரப்பியது. அடுத்ததைச் சென்னை நிரப்பலாம்.

இன்று எட்டு வயதில் இருக்கும் ஒரு சிறுமிக்கு 2034 ரியாத் ஆசிய விளையாட்டின்போது பதினாறு வயதாகும். அனாஹத் காமன்வெல்த்தில் இறங்கியபோது அவருக்குப் பதினான்குதான். உலகக் கோப்பையை இரண்டு முறை சென்னையில் நடத்திக் காட்டிய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை, ஆவடி மாநகராட்சிகளோடும் பூந்தமல்லி நகராட்சியோடும் சேர்ந்து, மூன்று ஊர்களிலும் தலா நான்கு பொதுக் கோர்ட்டுகளையும் முழுநேரப் பயிற்சியாளர்களையும் தர வேண்டும். முதல் இரண்டாண்டுகளில் பாதி இடங்களைச் சிறுமிகளுக்கென்றே ஒதுக்க வேண்டும். இந்தப் பகுதி மக்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் சாலை, குடிநீர், மழைநீர் வடிகாலோடு இதையும் ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.